கொழும்புல கத்துக்கிட்ட சிலிண்டர் கணக்கு: ஒரு கருத்தை நான் மாத்திக்கிறேன்

நம்ம சேனலை ரெண்டு மூணு வருஷமா பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு ஞாபகம் இருக்கும். "தங்கம் செத்த பணம், எஃப்டி சோம்பேறிப் பணம்"னு நான் ஒரு வீடியோ போட்டிருந்தேன். நிறைய பேர் திட்டினீங்க, அதைவிட நிறைய பேர் ஷேர் பண்ணீங்க. அந்த வீடியோல சொன்னதுல பாதியை இன்னைக்கு வாபஸ் வாங்கப் போறேன். காரணம், 2025 ஜூலை மாசம் அப்பாவோட அஞ்சு நாள் இலங்கைக்குப் போயிட்டு வந்தது.

எங்க ரெண்டு பேருக்குமே அது முதல் வெளிநாடு. அப்பாவுக்கு அது முதல் விமானமும் கூட. நாப்பது வருஷமா சின்னாளப்பட்டியில சேலை வியாபாரம் பண்றவர். இங்கேருந்து போற சுங்குடிச் சேலை யார் யார் கை மாறியோ கொழும்பு வரைக்கும் போகுதுன்னு கேள்விப்பட்டிருக்காரே தவிர, கண்ணால பார்த்ததில்ல. "ஒரு தடவை அதைப் பார்த்துட்டு வந்துடணும்டா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். ஆகஸ்ட்ல அவரோட 14 லட்ச ரூபா எஃப்டி முதிர்வு ஆகுது, அதை என்ன பண்றதுன்னு எங்களுக்குள்ள ஒரு சண்டை வேற ஓடிக்கிட்டிருந்தது. சண்டைக்கு நடுவுல ஒரு ஊரைச் சுத்திட்டு வரலாமேன்னு கிளம்பினோம்.

சின்னாளப்பட்டியில இருந்து மதுரை ஏர்போர்ட்டுக்குக் கார்ல போன நேரத்தை விட, மதுரையில இருந்து கொழும்புக்குப் பறந்த நேரம் குறைவு. இறங்கினா கடிகாரத்தைக் கூட மாத்த வேண்டாம், ரெண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். போர்டுல தமிழ், ரூபா நோட்டுல தமிழ். "இதென்னடா வெளிநாடு, ராமநாதபுரம் போன மாதிரி இருக்கு"ன்னார் அப்பா. அந்த நினைப்பு காசு மாத்துற கவுண்டர் வரைக்கும்தான் நின்னுச்சு.

நம்ம ஒரு ரூபாய்க்கு அப்ப அங்க மூணரை ரூபா. இருபதாயிரம் மாத்தினா எழுபதாயிரம் கையில வந்தது. அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஆனா வெளிய வந்து பால் டீ குடிச்சா ஒரு கப் 120 ரூபா. அப்பா உடனே கணக்குப் போட ஆரம்பிச்சுட்டார். மூணரையால வகுக்கறது கஷ்டம்ல, அதனால ரெண்டால பெருக்கி ஏழால வகுக்கச் சொன்னார். 240-ஐ ஏழால வகுத்தா 34 ரூபா சொச்சம். நம்ம ஊர்ல அந்தக் காசுக்கு ரெண்டு டீ குடிச்சுட்டு ஒரு வடையும் தின்னலாம்.

உலகத்துக்கே தேயிலை அனுப்புற நாட்டுல டீ ஏன் இந்த விலை? டீக்கடைக்காரர்கிட்டயே கேட்டேன். "தேயிலை எங்கட, பால்மா வெளிநாடு" அப்படின்னார். அங்க பெரும்பாலும் பால் பவுடர்லதான் டீ போடுறாங்க, அதுல பெரும்பங்கு இறக்குமதி. பால் இல்லாத பிளேன்டீ குடிச்சா விலை பாதிக்கும் கீழ. ஒரு கப் டீக்குள்ளயே டாலர் கரைஞ்சிருக்கு. இந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டா அந்த நாட்டுக்கு 2022-ல என்ன ஆச்சுன்னு பாதி புரிஞ்சுடும்.

மீதிப் பாதியையும் சுருக்கமா சொல்லிடறேன். 2019 கடைசில பெரிய வரிக்குறைப்பு, அதுக்கப்புறம் கொரோனாவுல சுற்றுலா வருமானம் சுத்தமா நின்னது, 2021-ல ரசாயன உரத்துக்குத் திடீர்த் தடை, ஏற்கெனவே தலைக்கு மேல வெளிநாட்டுக் கடன். டாலர் 200 ரூபாங்கிற ரேட்டைச் செயற்கையா பிடிச்சு வச்சிருந்தாங்க. வெளிய அதைவிட நல்ல ரேட் கிடைச்சதால, வெளிநாட்டுல வேலை பார்க்கிறவங்க பேங்க் வழியா பணம் அனுப்புறதைக் குறைச்சாங்க. 2022 மார்ச்ல பிடியை விட்டதும் ரெண்டே மாசத்துல டாலர் 360. ஏப்ரல் 12-ம் தேதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியலைன்னு அரசாங்கமே அறிவிச்சது. செப்டம்பர்ல விலைவாசி உயர்வு கிட்டத்தட்ட 70 சதவீதம். நம்ம தமிழ்நாடு அரசு அரிசியும் பால் பவுடரும் மருந்தும் கப்பல்ல அனுப்பினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இதெல்லாம் அப்பவே நியூஸ்ல பார்த்ததுதான். நானே ஒரு வீடியோ போட்டு, கிராஃப் எல்லாம் காட்டினேன். ஆனா கிராஃப்ல தெரியாத ஒண்ணு, வெள்ளவத்தையில நாங்க தங்கின வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சது.

அந்த அக்காவுக்கு அம்பது வயசு தாண்டியிருக்கும். ஒரு தனியார் கம்பெனியில கணக்குப் பிரிவுல இருந்து, 2020 கடைசில வேலையை விட்டவங்க. கைக்கு வந்த பணம், சேமிப்பு எல்லாம் சேர்த்து 20 லட்சம் (அவங்க ரூபாய்ல) 2021 ஆரம்பத்துல அஞ்சு வருஷ எஃப்டியில போட்டிருக்காங்க. ஏழு சதவீத வட்டி. மாச வட்டியில வீட்டை ஓட்டிக்கலாம், மேல் மாடியை வாடகைக்கு விட்டுக்கலாம்னு திட்டம். நம்ம ஊர்ல ரிட்டயர் ஆகுற முக்கால்வாசிப் பேர் போடுற அதே திட்டம்தான்.

"பேங்க் மூடிட்டாங்களாம்மா?"ன்னு அப்பா கேட்டார்.

"இல்லை ஐயா. வங்கி ஒரு சதமும் ஏமாத்தேல்ல. மாசம் மாசம் வட்டி வந்தது. போட்ட காசு அப்பிடியே கிடக்கு. அந்தக் காசுதான் சின்னதாப் போச்சுது."

அப்பாவுக்கு இது விளங்கல. பேங்க் மூடல, வட்டி நிக்கல, அசல் குறையல. பின்ன எங்க போச்சு பணம்? அந்த அக்கா கணக்குப் பிரிவுல இருந்தவங்க இல்லையா, கேஸ் சிலிண்டரை வச்சு விளக்கினாங்க. அதை அப்படியே தர்றேன்.

20 லட்சத்துக்கு ஏழு சதவீதம்னா வருஷத்துக்கு 1,40,000. மாசத்துக்கு 11,667 ரூபா (வரியை விட்டுடுங்க). எஃப்டி போட்டப்போ அங்க 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபா, அரசு பிடிச்சு வச்சிருந்த விலை. அதாவது ஒரு மாச வட்டியில கிட்டத்தட்ட எட்டு சிலிண்டர் வாங்கலாம். 2022 ஏப்ரல்ல சிலிண்டர் 4,860. அதே வட்டியில ரெண்டரை சிலிண்டர் கூட வராது. அதுவும் நாள் கணக்குல க்யூவுல நின்னாத்தான். நாங்க போனப்போ விலை இறங்கி 3,690. அப்பவும் மூணு சிலிண்டர்தான்.

பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தா ஒரு ரூபா கூட நஷ்டம் இல்ல. அடுப்பைப் பார்த்தா எட்டு சிலிண்டர் மூணாயிடுச்சு.

இன்னொண்ணையும் இங்க கவனிங்க. நாங்க போறதுக்கு முன்னாடி பல மாசமா இலங்கையில விலைவாசி உயர்வு பூஜ்யத்துக்கும் கீழ இருந்தது. "பணவீக்கம் கட்டுக்குள் வந்தது"ன்னு நியூஸ் வரும். உண்மைதான். ஆனா அதுக்கு அர்த்தம் விலை ஏர்றது நின்னுடுச்சுங்கிறதுதான், பழைய விலை திரும்ப வந்துடுச்சுன்னு இல்ல. மாடிப்படி ஏறி நின்னுட்டா நின்ன இடம் மேல் மாடிதானே! நம்ம ஊர்லயும் இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு, கமெண்ட்ல அடிக்கடி பார்க்கிறேன்.

அந்த அக்கா வருத்தப்பட்டது இதுக்குக் கூட இல்ல. 2022 கடைசில அங்க எஃப்டி வட்டி 20 சதவீதத்தைத் தாண்டிப் போச்சு. அரசோட குறுகிய காலக் கடன் பத்திரத்துல 30 சதவீதத்துக்கு மேலயே கிடைச்சது. பக்கத்து வீட்டுக்காரர் பழைய எஃப்டியை உடைச்சுப் புதுசா போட்டிருக்கார். இவங்க உடைக்கல. "முறிச்சா வட்டி குறையும் எண்டு நினைச்சு விட்டிட்டன் தம்பி"ன்னாங்க. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. உடைச்சதுக்குத் தண்டனையா அதுவரைக்கும் வந்த மொத்த வட்டியும் போச்சுன்னே வச்சுக்குவோம், 20 மாசத்துக்கு சுமார் 2,33,000. புது எஃப்டி 22 சதவீதம்னா வருஷத்துக்கு 4,40,000. பழைய 1,40,000-ஐ கழிச்சா 3 லட்சம் கூடுதல். ஒரே வருஷத்துல தண்டனையைக் கட்டி மிச்சமும் இருக்கும். கணக்குப் பிரிவுல வேலை பார்த்தவங்களுக்கே அந்த நேரத்துல இது தோணல. க்யூவுல நிக்கிறப்போ யாருக்கும் கால்குலேட்டர் ஞாபகம் வராது. இதுல அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

சரி, அந்த வருஷத்தை எப்படித்தான் ஓட்டினீங்கன்னு கேட்டேன். கையைக் காட்டினாங்க. வெறும் கை. "ரெண்டு சோடி காப்பு இருந்தது. அதுதான் கரையேத்தினது." மகளோட படிப்புச் செலவுக்கு வித்திருக்காங்க. அந்த சில மாசத்துல தங்கத்தோட டாலர் விலை பெருசா மாறல. ஆனா டாலர் 200-ல இருந்து 360 ஆனதால, அவங்க ரூபாய்ல காப்போட விலை 80 சதவீதம் கிட்ட ஏறிடுச்சு. அவங்க அதை முதலீடாவே கணக்குல வச்சதில்ல. கல்யாணத்துக்குப் போட்ட நகை, அவ்வளவுதான்.

இதைக் கேட்டப்போ எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. ஏன்னு சொல்றேன்.

2023 ஜூலைல, என் வீடியோவை நானே நம்பி, அம்மாவை நச்சரிச்சு மூணு பவுன் பழைய வளையலை விக்க வச்சேன். பவுன் சுமார் 44,000, மொத்தம் 1,32,000. அதை இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டேன். ரெண்டு வருஷத்துல அது சுமார் 30 சதவீதம் ஏறி 1,72,000 பக்கம் வந்திருக்கு. நல்ல லாபம்தான். ஆனா அதே மூணு பவுன் 2025 ஜூலைல 2,18,000 பக்கம். அம்மாவுக்கு நான் பண்ணின "நல்ல காரியத்தோட" விலை 46,000 ரூபா. வளையல் போட்டுக்கிட்டிருந்த சந்தோஷத்துக்கு விலை போடத் தெரியல எனக்கு.

இதைக் காட்டி "பாத்தீங்களா, தங்கம்தான் பெஸ்ட்"னு சொன்னா அது என் பழைய வீடியோவை விட மோசமான வீடியோ ஆயிடும். 2012-ல இருந்து 2018 வரைக்கும் பவுன் விலை ஏறக்குறைய ஒரே இடத்துல நின்னுது. அந்த ஆறு வருஷம் தங்கத்துல மட்டும் போட்டவங்க விலைவாசிக்குத் தோத்தாங்க. கடையில நகையா வாங்கினா சேதாரம், செய்கூலி, 3 சதவீதம் ஜிஎஸ்டி வேற. ஆகவே தங்கம் ஜெயிச்சதால நான் கருத்தை மாத்தல. தங்கத்தை நான் தப்பான பெட்டியில வச்சிருந்தேன், அதனாலதான் மாத்தறேன். லாபம் தரணும்னு எதிர்பார்த்து அதுக்கு மார்க் போட்டேன். அது இன்சூரன்ஸ். வண்டி இன்சூரன்ஸ் போட்டுட்டு, இந்த வருஷம் ஆக்சிடென்ட் ஆகல, பிரீமியம் வேஸ்ட்டுன்னு யாராவது அழுவாங்களா? மொத்த சொத்துல ஒரு பத்து சதவீதம் வரைக்கும் தங்கம் இருக்கட்டும்னு இப்ப சொல்றேன். அரசோட தங்கப் பத்திரம் 2024 பிப்ரவரிக்கு அப்புறம் புதுசா வரல, அதனால ஈடிஎஃப், இல்லன்னா வீட்ல ஏற்கெனவே இருக்கிற நகையே போதும். (நான் செபியில பதிவு பண்ணின ஆலோசகர் இல்ல, இது என் கருத்து மட்டும்தான்.)

இன்னொரு காட்சியையும் சொல்லிடணும். எங்களை ஏத்திக்கிட்டுப் போன டிரைவர் பத்து வருஷப் பழைய மாருதி ஆல்டோ வச்சிருந்தார். என்ன விலை போகும்னு சும்மா கேட்டேன். முப்பது லட்சத்துக்குக் குறையாதாம். நம்ம காசுல எட்டரை லட்சம்! நம்ம ஊர்ல புது ஆல்டோவே அதைவிடக் குறைவு. 2020 மார்ச்ல இருந்து 2025 ஆரம்பம் வரைக்கும் தனியார் வாகன இறக்குமதியை நிறுத்தி வச்சிருந்தாங்க, அதனால உள்ள இருக்கிற வண்டிக்கெல்லாம் நகை மாதிரி விலை. "கார் தேய்மானம் ஆகும் சொத்து"ன்னு நான் வாரா வாரம் சொல்ற வசனம் அந்தத் தெருவுல செல்லாது. நம்ம சொல்ற பல விதிகள் டாலர் தட்டுப்பாடு இல்லாத ஊருக்கு மட்டும் எழுதினது. அதுக்காக இங்க யாரும் முதலீடுன்னு சொல்லி கார் வாங்கிடாதீங்க, புண்ணியமா போகும்.

இனி, கமெண்ட்ல கண்டிப்பா வரப்போற கேள்வி: "அப்ப இந்தியாவும் இலங்கை ஆயிடுமா?" வாட்ஸ்அப்ல இதை வச்சே வயித்தைப் பத்த வைக்கிறவங்க இருக்காங்க. கூடவே காயின் விக்கிற லிங்க்கும் வரும். ஆகாதுன்னுதான் நான் நினைக்கிறேன். நம்மகிட்ட அந்நியச் செலாவணி கையிருப்பு 2025-ல 70,000 கோடி டாலரை ஒட்டி இருந்தது. மத்திய அரசோட கடன்ல பெரும்பகுதி ரூபாய்ல, உள்நாட்டுலயே வாங்கினது. இலங்கை மாட்டினது டாலர் கடன்ல.

ஆனா நம்மளும் அந்த வாசல் வரைக்கும் போயிட்டு வந்தவங்கதான். 1991-ல இறக்குமதிக்குக் காசில்லாம ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை விமானத்துல ஏத்தி வெளிநாட்டுக்கு அனுப்பிக் கடன் வாங்கினது. அந்த ஜூலைல ரெண்டு தடவை ரூபா மதிப்பைக் குறைச்சாங்க. குடும்பம் கஷ்டத்துல இருந்தா அம்மா நகையை அடகு வைக்கிற மாதிரியே நாடும் வச்சது. அப்பா அதை ஞாபகம் வச்சிருந்தார். "அப்ப சாயத்து விலை ஏறினது தெரியும், காரணம் இதுன்னு இப்பத்தான் தெரியுது"ன்னார். நம்ம ரூபாயும் 2025 வரைக்குமான பத்து வருஷத்துல டாலருக்கு 64-ல இருந்து 86 ஆனது. அங்க ரெண்டு மாசத்துல நடந்தது இங்க மெதுவா, வலிக்காம நடக்குது.

எவ்வளவு மெதுவான்னு அப்பாவே கண்டுபிடிச்சார், கொழும்பு கடற்கரையில உக்காந்து. அவரோட 14 லட்சம் எஃப்டி 2020 ஆகஸ்ட்ல 6.5 சதவீதத்துக்குப் போட்டது. மாசம் 7,583 ரூபா. அப்ப சிலிண்டர் சுமார் 610 ரூபா, பன்னெண்டு சிலிண்டர் வாங்கலாம். 2025 ஜூலைல 870, எட்டரைதான். எந்த நெருக்கடியும் இல்ல, க்யூ இல்ல, ஒருத்தரும் ரோட்டுக்கு வரல. மூணரை சிலிண்டர் காணோம். ரொம்ப நேரம் கடலையே பார்த்துக்கிட்டிருந்தார்.

சேலையையும் பார்த்தோம், வெள்ளவத்தை கடையில. எங்க ஊர் டிசைன்தான், அப்பா ஓரத்தைத் தொட்டே சொல்லிட்டார். 6,300 ரூபா போட்டிருந்தது, நம்ம காசுல 1,800. அப்பா மொத்த வியாபாரிக்குக் கொடுக்கிறது 650. எனக்குக் கோபம். அவருக்கு இல்ல. "நமக்கு முந்தியே பாஸ்போர்ட் இல்லாம வந்து சேர்ந்துடுச்சுடா"ன்னு சிரிச்சார். அதே கடையில நான் அம்மாவுக்கும் சொந்தக்காரங்களுக்கும் துணி எடுத்து கார்டு தேய்ச்சேன். பில் 24,500. மெஷின்ல "இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா"ன்னு கேட்டுச்சு. பழக்கதோஷத்துல இந்திய ரூபாயை அமுக்கிட்டேன், 7,420 போச்சு. அன்னைக்கு ரேட்படி 7,000தான் ஆகும். அந்த நாட்டுக் காசையே தேர்ந்தெடுங்கன்னு வீடியோல உங்களுக்குச் சொன்னவன் நான்! யுபிஐ 2024 பிப்ரவரில இருந்தே அங்க இருக்கு, ஆனா நாங்க போன சின்னக் கடைகள்ல எல்லாம் நோட்டுதான் ஓடுச்சு.

ஊருக்கு வந்ததும் பேங்க்ல அப்பா என்ன பண்ணினார்னு கேப்பீங்க. 14 லட்சத்தையும் திரும்ப அஞ்சு வருஷத்துக்குப் பூட்டணும்னு சொன்னவர், நாலா பிரிச்சார். மூணு பங்கை ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூணு வருஷம்னு எஃப்டி, ரெண்டு பேங்க்ல. டெபாசிட் இன்சூரன்ஸ் ஒரு பேங்குக்கு 5 லட்சம் வரைக்கும்தாங்கிறது உங்களுக்குத் தெரியும்ல. வட்டி ஏறினா வருஷத்துக்கு ஒரு பங்கைப் புது ரேட்ல போட்டுக்கலாம், எதையும் உடைக்கத் தேவையில்ல. நாலாவது பங்கு ரெண்டு லட்சம் மட்டும் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு வந்தது. நான் கேட்டது நாலு லட்சம். "67 வயசுல இதுக்கு மேல எனக்குத் தைரியம் இல்ல"ன்னுட்டார். அவர் பணம், அவர் தூக்கம்.

அம்மாவோட மூணு பவுன் கணக்கை அவங்ககிட்ட இன்னும் காட்டல. இந்தக் கட்டுரையை அவங்க படிக்க மாட்டாங்க, வீடியோவைப் பார்ப்பாங்க. அதனால வீடியோ அடுத்த வாரம்தான் வரும்.